ஆரஞ்சு மரத்தில் ஒரு கிளை மட்டும் வாடுகிறதா? துளைப்பான் வண்டை அறிகுறி வைத்துப் பிடிக்கும் வழி

மழை நன்றாகப் பிடித்து, மரமெல்லாம் துளிர்விட்டு நிற்கும் ஜூன் மாதத்தில், ஆரஞ்சு மரத்தின் ஒரு சிறுகிளை மட்டும் வெயிலில் போட்ட கீரை மாதிரி தொங்கினால் அதற்குத் தண்ணீர்ப் பற்றாக்குறை காரணமாக இருக்க முடியாது. உரக் குறையும் இல்லை. குடகிலும் அதை ஒட்டிய மலைப் பகுதிகளிலும் இந்தக் காட்சியைப் பார்த்ததும் அனுபவசாலிகள் மருந்தடிக்கும் கருவியைத் தேட மாட்டார்கள், கத்தரியைத்தான் எடுப்பார்கள். உள்ளே இருப்பது செலிடோனியம் சிங்க்டம் என்னும் நீள்கொம்பு வண்டின் புழு. ஆரஞ்சுக் கிளைத் துளைப்பான், எலுமிச்சை மரத் துளைப்பான் என்றெல்லாம் சொல்வது இதைத்தான்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் இதன் ஒரு வருட வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த மாதத்தில் எதைத் தேடுவது என்பது அதிலிருந்துதான் வருகிறது. குடகில் பருவமழைக்கு முந்தைய மழை விழும் மே, ஜூன் மாதங்களில் வண்டு மரத்தை விட்டு வெளியே வரும். பெண் வண்டு இளம் பச்சைக் கிளைகளில், இலைக்காம்போ முள்ளோ கிளையோடு சேரும் இடுக்கில் ஒவ்வொரு முட்டையாக இட்டுக்கொண்டே போகும். பொரித்து வரும் குட்டிப் புழு பட்டைக்கு அடியில் கிளையைச் சுற்றி வளையம்போல அரிக்கும். அப்புறம் உள்ளே நுழைந்து சிறுகிளையிலிருந்து பெரிய கிளைக்கு, அங்கிருந்து சில நேரம் அடிமரத்துக்கு என்று மாதக் கணக்கில் கீழ்நோக்கி இறங்கும். உள்ளேயே கூட்டுப்புழுவாகி, அடுத்த மழைக்கு வண்டாக வெளியே வரும்.

ஆக, ஜூனில் பென்சில் பருமனுள்ள கிளையில் இருக்கும் புழு, டிசம்பரில் கை பருமனுள்ள கிளைக்குள் இருக்கும். ஜூனில் ஒரு கத்தரிவெட்டில் முடிகிற வேலையை டிசம்பரில் கம்பி, பஞ்சு, சிரிஞ்சு, களிமண் என்று அரைநாள் செய்ய வேண்டியிருக்கும். கீழ்ப்பழனி, ஏற்காடு பக்கம் காப்பிக்கு நடுவே கமலா ஆரஞ்சு வைத்திருப்பவர்கள் மாதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அவரவர் ஊரில் கோடைமழை எப்போது விழுகிறதோ அதிலிருந்து கணக்குப் போட வேண்டும்.

ஒரு சிறுகிளை மட்டும் வாடுகிறது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது

முதலில் வாடிய கிளையின் அடியைப் பாருங்கள். வாடிய பகுதியும் பச்சைப் பகுதியும் சந்திக்கும் இடத்தில் விரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினால் போதும். அடியில் கிளையைச் சுற்றி அரித்த தடமும் ஈரமான தூளும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், துளைப்பான்தான். வளையம் விழுந்த இடத்துக்கு மேலே உள்ள கிளைக்குத் தண்ணீர் சரியாக ஏறாது. அதனால் இலைகள் நிறம் மாறி உதிர்வதற்குள் அப்படியே வாடிச் சுருண்டு, கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதோடு குழப்பிக்கொள்வது நுனிக்கருகலை. அதில் கிளை காய்வது நுனியில் தொடங்கி மெல்ல மெல்லக் கீழே இறங்கும். இலைகள் முன்கூட்டியே கொட்டிவிடும். காய்ந்த குச்சி சாம்பல் வெள்ளையாகி, அதன்மேல் கரும்புள்ளிகள் தெரியும். சுரண்டினால் வளையம் இருக்காது. அது பூஞ்சணமும் மரத்தின் பலவீனமும் சேர்ந்து செய்யும் வேலை, வைத்தியம் வேறு. ஆனால் கத்தரி இரண்டுக்கும் பொது என்பதால் தவறாக வெட்டிவிட்டோமே என்று வருந்த ஒன்றும் இல்லை.

துளைப்பான் என்று உறுதியானால் வாடிய பகுதிக்குக் கீழே நாலைந்து விரற்கடை விட்டு, பச்சைக் கிளையில் வெட்டுங்கள். வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுவில் ஓட்டை தெரிந்தால் புழு உங்களுக்கு முன்னால் கீழே போய்விட்டது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் கீழே வெட்ட வேண்டும். ஓட்டையே இல்லாத முழுக் கட்டை வரும்வரை இதைத் தொடருங்கள். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். வாடியதை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு மரம் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். புழு மிச்சக் குச்சிக்குள் பத்திரமாக இருக்கும்.

வெட்டிய கிளைகளை மரத்தடியில் போட வேண்டாம். சாக்கில் கட்டி எடுத்துப்போய் அன்றைக்கே எரித்துவிடுங்கள். முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை, ஆகவே ஒரு சுற்று போதாது. ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை கடைசிவரை பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை தோட்டத்தைச் சுற்றி வர வேண்டும். உயரமான மரங்களில் தொரட்டியில் கத்தி கட்டிக்கொண்டால் ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. காப்பிச் செடிக்குக் கவாத்து, களை என்று ஆள் வேலை செய்துகொண்டிருக்கும் நேரம்தான் அது. அவர்களிடமே வாடிய ஆரஞ்சுக் கிளையைக் கண்டால் சொல்லச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. மேலே பார்த்து நடக்கும் பழக்கம் நமக்கு இருப்பதில்லை.

கிளையில் வரிசையாக ஓட்டைகள், கீழே இலைமேல் மரத்தூள்

ஜூனில் தப்பிய புழு இப்போது பெரிய கிளைக்கு வந்துவிட்டது. இந்தப் புழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு, அதுதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. துளைத்த தூளை உள்ளேயே அடைத்துவைக்காமல், இடைவெளி விட்டு விட்டுப் பக்கவாட்டில் சின்ன வாசல்கள் வெட்டி வெளியே தள்ளும். கீழே இறங்க இறங்கப் புதிய வாசல். அதனால் ஒரு கிளையில் ஆறேழு ஓட்டைகள் இருந்தால் ஆறேழு புழுக்கள் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஒரே புழுவின் பாதைதான் அது.

எந்த ஓட்டை புதியது என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே உள்ள பழைய ஓட்டைகளின் விளிம்பு காய்ந்து கறுத்திருக்கும், தூள் இருந்தாலும் பழுப்பேறி உதிரும். எல்லாவற்றிலும் கீழே இருக்கும் ஓட்டையில் தூள் வெளிர் மஞ்சளாக, கொஞ்சம் ஈரமாக இருக்கும். புழு அதற்குக் கீழேதான் இருக்கும்.

மழை பெய்தால் தூள் அடித்துப்போய்விடும், புதியது பழையது தெரியாது. அப்போது மழை விட்ட ஒரு மாலையில் ஓட்டை வாய்களைக் குச்சியால் துடைத்துவிட்டு, மரத்தடியில் வெள்ளை உரச்சாக்கைப் பிரித்து விரித்துவையுங்கள். காலையில் சாக்கின் எந்தப் பக்கம் தூள் விழுந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே பாருங்கள். சாக்கில் ஒன்றுமே இல்லாவிட்டால் இரண்டு நாள் விட்டு இன்னொரு முறை செய்து பார்த்த பிறகுதான் மரம் சுத்தம் என்று நம்பலாம்.

கிளை கட்டை விரல் பருமனுக்குள் இருந்தால் மருந்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், வெட்டிவிடுவதுதான் மலிவு. வெட்டினால் மரத்தின் உருவமே போய்விடும் என்கிற பெரிய கிளையாக இருந்தால் மட்டும் இந்த வேலையில் இறங்குங்கள்.

கீழ் ஓட்டையைச் சுத்தம் செய்து, சைக்கிள் பிரேக் கம்பியின் ஒரு துண்டை உள்ளே விட்டுக் கீழ்நோக்கித் தள்ளிப் பாருங்கள். போக்ஸ் கம்பியைவிட இது வளைந்து கொடுக்கும், பாதை திரும்பினாலும் கூடவே போகும். நுனியில் ஒரு சின்னக் கொக்கி வளைத்துவைத்தால் சில சமயம் புழுவே மாட்டிக்கொண்டு வரும். கம்பியை எடுக்கும்போது நுனியில் வெள்ளையாகப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால் காரியம் முடிந்தது.

கம்பி எட்டவில்லை என்றால் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கொஞ்சம் சிரிஞ்சில் எடுத்து அந்தக் கீழ் ஓட்டை வழியாகவே விட வேண்டும். புழு அதற்குக் கீழே இருப்பதால் ஊற்றியது தானாக இறங்கிப் போகும். பிறகு அதில் நனைத்த பஞ்சை ஓட்டையில் அடைத்து, மேலே களிமண்ணை நன்றாக அப்புங்கள். மேலே உள்ள பழைய ஓட்டைகளையும் களிமண்ணால் மூட வேண்டும். மூடாவிட்டால் ஆவி அந்த வழியாகப் போய்விடும், புழு பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். பெட்ரோல் பட்டையில் வழிந்தால் பட்டை வெந்துபோகும், அளவோடு விடுங்கள். பக்கத்தில் பீடி கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

பூச்சிமருந்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய கையேடுகளிலும், அவற்றைப் பார்த்து எழுதிய குறிப்புகளிலும் டைக்குளோர்வாஸ், மோனோகுரோட்டோபாஸ் என்றுதான் இன்னும் இருக்கிறது. டைக்குளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. மோனோகுரோட்டோபாஸின் வழக்கமான 36 சதவீதக் கரைசலுக்கும் 2023இல் தடை ஆணை வந்தது. கடையின் மூலையிலிருந்து பழைய பாட்டிலை எடுத்துக் கொடுத்தால் வாங்க வேண்டாம். தானியக் கிடங்கில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை உடைத்து ஓட்டையில் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதிலிருந்து வரும் வாயு உயிரை எடுக்கும், மரத்தடியில் கையுறைகூட இல்லாமல் கையாளும் பொருள் அல்ல அது. மருந்துதான் வேண்டும் என்றால் இப்போது எதற்கு அனுமதி இருக்கிறது என்று தோட்டக்கலை உதவி அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் ஓட்டைக்குள் விடுவதுதான் வழி. மரம் முழுக்கத் தெளித்தால் உள்ளே இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது, வெளியே இருக்கும் நன்மை செய்யும் பூச்சிகள்தான் சாகும்.

எல்லாம் செய்த பிறகும் புதுத் தூள் விழுகிறது

ஒரு வாரம் கழித்துக் களிமண் பூச்சைப் பாருங்கள். பூச்சே துளைபட்டிருந்தால் புழு உயிரோடு இருக்கிறது, மருந்து அதனிடம் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் நடுவில் தூள் அடைத்துக்கொண்டிருக்கும். கம்பியால் பாதையைத் திறந்துவிட்டு மறுபடியும் விடுங்கள்.

பூச்சு அப்படியே இருந்து, அதற்குக் கீழே அரை அடியில் புதிதாக ஓட்டை விழுந்திருந்தாலும் அதே கதைதான், இப்போது அந்தப் புது ஓட்டைதான் உங்கள் வாசல். கிளையின் இன்னொரு பக்கத்திலோ வேறு கிளையிலோ தூள் வந்தால் அது வேறு புழு. ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேல் இருப்பது சாதாரணம்.

மார்ச், ஏப்ரலில் தூள் நின்றுபோனால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். புழு செத்திருக்கலாம், சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கூட்டுப்புழுவாக மாறியும் இருக்கலாம். இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அந்தக் கிளையில் ஓர் அடையாளத் துணி கட்டிவைத்துவிட்டு, மே மாத மழைக்கு முன் ஒரு தடவை கவனியுங்கள்.

தூள் இருக்கிறது, ஆனால் பட்டைமேல் நூலாம்படை போல ஒட்டிக்கொண்டிருக்கிறது

இது வண்டு இல்லை. பட்டை தின்னும் புழு, ஓர் அந்துப்பூச்சியின் பிள்ளை. எச்சத்தையும் மரத்தூளையும் பட்டுநூலால் பின்னி, பட்டைமேல் ரிப்பன் மாதிரி ஒரு கூரை போட்டுக்கொள்ளும். பகலில் கிளைக்கவட்டையில் உள்ள சின்னப் பொந்தில் படுத்திருக்கும், இரவில் அந்தக் கூரைக்கு அடியில் வந்து பட்டையைத் தின்னும். பராமரிப்பு இல்லாத பழைய மரங்களில்தான் அதிகம். மா, கொய்யா, முருங்கை வைத்திருப்பவர்களுக்கு இது பழகின முகம். கூரையைத் துடைப்பத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, கவட்டையில் உள்ள பொந்தில் கம்பியை விட்டுக் குத்தினாலே போதும். பொந்து ஆழம் இல்லை. நீள்கொம்புப் புழுவைத் தேடுகிற மாதிரி அடிவரை போக வேண்டியதில்லை.

அடிமரத்தில் பிசின் வடிகிறது, தூள் இல்லை

பிசினைக் கண்டால் உடனே துளைப்பான் என்று சொல்லிவிடுகிறார்கள். ஓட்டையும் தூளும் இல்லாமல், தரையை ஒட்டிய பட்டை கறுத்து, அழுத்தினால் உள்வாங்கி, ஒரு புளித்த வாடை வந்தால் அது பைட்டாப்தோரா என்னும் பூஞ்சண வகையால் வரும் அடியழுகல். மரத்தடியில் தண்ணீர் தேங்குவதும், ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்குள் புதைந்திருப்பதும்தான் வழக்கமான காரணம். மண்ணை விலக்கி, அழுகிய பட்டையை நல்ல பட்டை தெரியும்வரை செதுக்கி, போர்டோ பசை தடவ வேண்டும்.

போர்டோ பசை துளைப்பான் வெட்டுக்காயங்களுக்கும் வேண்டியது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, பிறகு கலக்க வேண்டும். இரும்பு, தகரப் பாத்திரம் ஆகாது. கலந்த பின் ஒரு பளபளப்பான கத்தியைச் சிறிது நேரம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். கலந்த அன்றே பூசிவிட வேண்டும், மறுநாளைக்கு எடுத்துவைத்தால் பயன் குறைந்துவிடும்.

குண்டூசி முனை அளவு ஓட்டைகள், ஏராளமாக

சின்னத் தண்டு வண்டுகள். உடல் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். பெரும்பாலும் ஏற்கெனவே சாகத் தொடங்கிய கிளைக்குத்தான் வரும். இவற்றை விரட்டுவதில் நேரம் செலவழிக்காமல், கிளை ஏன் சாகத் தொடங்கியது என்று பாருங்கள்.

மரம் முழுக்க மஞ்சள், ஓட்டையே இல்லை

இது இந்தக் கட்டுரைக்கு வெளியே உள்ள விஷயம். இலையில் மஞ்சள் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திட்டுத்திட்டாக இருந்து, பழம் கோணலாகச் சிறுத்து, அடிப்பக்கம் பச்சையாகவே நின்றால் பசுமை நோயாக இருக்கலாம். சிட்ரஸ் சில்லா என்னும் சின்னப் பூச்சி பரப்பும் பாக்டீரியா நோய் அது. குடகு ஆரஞ்சுக்கு 2006ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, ஆனால் மரங்கள் குறைந்துகொண்டே வந்ததற்கு இந்த நோய்க்கும் பெரிய பங்கு உண்டு. துளைப்பானை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாமல் போய்விடும்.

பென்சில் நுழையும் அளவு சுத்தமான ஓட்டை, தூள் இல்லை

மே, ஜூனுக்குப் பிறகு இதைப் பார்த்தால் வண்டு வெளியே போய்விட்டது. ஆளில்லாத வீட்டுக்குள் மருந்து விட வேண்டாம். ஓட்டையைக் களிமண்ணால் அடைத்துப் போர்டோ பசை பூசிவிட்டு, நேராகப் பச்சைக் கிளைகளைப் பார்க்கத் தொடங்குங்கள், அடுத்த தலைமுறை அங்கேதான் இருக்கும். உள்ளே குடைந்த கிளை காய்ப் பாரத்திலும் காற்றிலும் முறியும் என்பதால், அது பெரிய கிளையாக இருந்தால் முட்டுக் கொடுப்பதா எடுத்துவிடுவதா என்று காய் பிடிக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

வண்டே கண்ணில் படுகிறது

கரும்பச்சை, சில நேரம் நீலம் கலந்த பச்சை. உலோகம் போல மினுமினுக்கும். முதுகில் இறக்கை உறைகளின் குறுக்கே ஒரு மஞ்சள் பட்டை. உணர்கொம்புகள் நீளமானவை. பார்க்க அழகான பூச்சி, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தக் குடும்பத்து வண்டுகள் பலவும் கையில் பிடித்தால் கிரீச்சென்று சத்தம் போடும், பயந்து விட்டுவிடாதீர்கள். மே, ஜூனில் ஒரு பெண் வண்டைப் பிடித்து நசுக்கினால் அது இடவிருந்த முட்டைகள் அத்தனைக்கும் கிளை தேடி அலைய வேண்டியதில்லை.

இணையத்தில் சிட்ரஸ் நீள்கொம்பு வண்டு என்று தேடினால் பெரும்பாலும் வேறொன்றுதான் வரும். பளபளக்கும் கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகள் உள்ள அனோப்லோபோரா சைனென்சிஸ். சீனா, கொரியா, ஜப்பான் பக்கத்து வண்டு அது. அலங்காரச் செடிகளோடு கடல் தாண்டிப்போய், 2000ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலியின் லொம்பார்டியில் பரவிப் பெரிய தலைவலி ஆனது. அது அடிமரத்தையும் வேரையும் குடையும். அதன் நெருங்கிய சொந்தமான இன்னொரு அனோப்லோபோரா நம் வடகிழக்கில், மேகாலயா, அசாம் பக்கத்துக் காசி (Khasi) ஆரஞ்சு மரங்களின் அடிமரத்தைத் துளைக்கிறது. அங்கே அடிமரத்துக்கு வெள்ளை பூசு, கம்பிவலை சுற்று என்று சொல்வது அதனால்தான். நம் பச்சை வண்டு முட்டையிடுவது மேலே இளங்கிளையில். அடிமரத்துக்கு வெள்ளை அடித்துவிட்டு இதைத் தடுத்துவிட்டதாக நினைத்தால் ஏமாற்றம்தான்.

காப்பித் தோட்டத்தில் இன்னொரு சந்தேகமும் வரும். அராபிகா செடியைக் கொல்லும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானும் நீள்கொம்பு வண்டுதான், அதுவே ஆரஞ்சுக்கு ஏறிவிட்டதோ என்பார்கள். இல்லை. அது மெலிந்த கறுப்பு உடலில் வெள்ளை வரிகள் கொண்ட வேறு இனம், பெயர் சைலோட்ரெக்கஸ். அதன் புழு தூளை வெளியே தள்ளாமல் பாதைக்குள்ளேயே இறுக்கி அடைத்துவிடும், செடியின் தண்டில் வீங்கின வரம்புதான் அடையாளம். காப்பிச் செடியைப் பிடுங்கி எரிப்பதால் ஆரஞ்சு தப்பிக்காது, ஆரஞ்சைக் கவாத்து செய்வதால் காப்பியும் தப்பிக்காது. இரண்டு வேலையும் தனித்தனியாக நடக்க வேண்டும்.

அடிமரத்தைச் சுற்றிலும் ஓட்டை, பாதிக்கு மேல் கிளை காய்ந்துவிட்டது

மரத்தை எடுத்துவிடலாம். காய்க்காத மரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையாக அடைப்பது கூலிக்குக் கேடு. எப்போது எடுப்பது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். ஏப்ரலுக்குள் வெட்டிவிடுவது நல்லது. வெட்டிய கட்டைகளை விறகு என்று வீட்டுப் பின்புறம் அடுக்கிவைத்தால், உள்ளே தயாராக இருக்கும் கூட்டுப்புழுக்கள் அங்கிருந்தே வண்டாகி வெளியே வந்துவிடும், மிச்ச மரங்களுக்குப் போகும். கிளைகளைத் தோட்டத்திலேயே எரித்துவிடுங்கள். அடிக்கட்டையைப் பிளந்து, துளை இருக்கும் துண்டுகளைத் தனியே எடுத்து, மே மாத மழைக்கு முன்னால் அவற்றை முதலில் அடுப்புக்கு அனுப்புங்கள்.